கச்சாய்க் கரை (9): மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

சென்ற வாரம் 1658 ஜூன் மாதத்தோடு நிறுத்தினோம். மூன்று மாத முற்றுகையில் பசியும் நோயும் தின்றது போக எஞ்சியிருந்த போர்த்துக்கேயர் யாழ்ப்பாணக் கோட்டையை விட்டு வெளியே வந்தார்கள். றிக்லொவ் வான் கூன்ஸின் படை உள்ளே போனது. அன்று தொடங்கி 1795 செப்ரெம்பரில் ஆங்கிலேயர் வரும்வரை, 137 ஆண்டுகள், இந்தக் கரைக்கு எசமான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி. அந்த நெடுங்காலத்தில் கச்சாய் போன்ற ஒரு சிறிய கரையூருக்கு என்ன நடந்தது என்பதே இந்த வாரத்துக் கதை.

கோட்டை இல்லாத ஊர்

ஒல்லாந்தர் காலம் என்றவுடன் நமக்குக் கல்லும் சுண்ணாம்பும்தான் நினைவுக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டை, ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை, ஆனையிறவுக் காவல் அரண் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். வன்னியில் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குள் ஓட்டிவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றியதையும், மணற்கரைகளில் சாயவேர் கிண்டவைத்ததையும் சொல்வோம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் கோட்டையில்லாத ஊருக்கு ஒல்லாந்தர் வரலாறே இல்லை. கொடிகாமம் சந்தியில் கண்டி வீதியிலிருந்து ஒரு வீதி வடக்கே பருத்தித்துறைக்குப் பிரிகிறது. இன்னொன்று தெற்கே கச்சாய்க்குப் போகிறது. தெற்கே திரும்புபவர் தென்னந்தோப்பும் வயலும் கடந்து கடனீரேரியின் கரைக்கு வருவார். எதிரே பூநகரிப் பக்கம். ஆழமில்லாத நீர், இறாலுக்கும் நண்டுக்கும் பேர்போனது. பெரிய கப்பல் வரமுடியாத இந்தத் துறையில் கும்பனி பீரங்கி நிறுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒல்லாந்தர் செய்த மிக ஆழமான மாற்றம் கோட்டை இருந்த இடங்களில் அல்ல, இப்படியான ஊர்களில்தான் நடந்தது என்பது என் வாதம். அதற்கு அவர்கள் பயன்படுத்திய ஆயுதம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தமாக வாசிக்கப்பட்ட ஓர் அறிவித்தல்.

முதற் சாட்சி பிலிப்பு பால்டேயஸ். டெல்ஃப் நகரில் பிறந்த இந்தப் பாதிரியார் 1658 இல் படையோடு யாழ்ப்பாணம் வந்து, 1665 வரை இங்கே ஊழியம் செய்தவர். 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளியான அவரது பெரிய நூலில் குடாநாட்டுத் தேவாலயங்கள் மாகாணம் மாகாணமாக வருகின்றன. தென்மராட்சிக்கு அவர் சொல்வது ஐந்து: நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி, எழுதுமட்டுவாள். இவற்றில் எதையும் ஒல்லாந்தர் புதிதாக நிறுவவில்லை. போர்த்துக்கேயப் பாதிரிமார் வகுத்துவைத்த பங்குகளைத்தான் அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சுரூபங்களை அகற்றினார்கள், கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், பலிபீடம் இருந்த இடத்தில் பிரசங்க மேடை வைத்தார்கள். எல்லைகளில் கை வைக்கவில்லை.

இரண்டாவது சாட்சி இன்றும் பலர் வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கிறது. கொடிகாமத்துக்குத் தெற்கே உள்ள ஒரு காணியின் பழைய உறுதியை எடுத்து விரித்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் என்று தொடங்கும், தென்மராட்சிப் பகுதி என்று குறுகும், அடுத்து ‘கச்சாய்க் கோயிற்பற்று’ என்று வரும். அதன் பிறகுதான் காணியின் பெயர், வரகு விளைச்சலுக்கு இத்தனை பரப்பு, இத்தனை குழி என்ற அளவு, கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு எல்லைகளில் யார் யாருடைய காணி என்ற விபரம். வரகு விதைத்த தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற அந்த வரகுக் கணக்கு மட்டும் நொத்தாரிசின் பேனையில் உயிரோடு இருக்கிறது. கோயிற்பற்றும் அப்படித்தான். பால்டேயஸ் எழுதிய ஐந்து தேவாலயங்களின் பெயரும் தென்மராட்சிக் காணி உறுதிகளில் ஐந்து கோயிற்பற்றுகளாக நிற்கின்றன. உறுதிக்குச் சொந்தக்காரர் பிள்ளையாரையோ அம்மனையோ கும்பிடுபவராக இருப்பார். அவருடைய காணி மட்டும் முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய ஒரு கிறிஸ்தவப் பங்கைச் சேர்ந்ததாக இருக்கும். இது எப்படி நேர்ந்தது?

ஒரு வருடத்திலிருந்து மூன்று வாரத்துக்கு

கும்பனியிடம் ஆள்பலம் இல்லை. குடாநாடு முழுவதற்கும் இருந்த ஒல்லாந்தப் பாதிரிமாரை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு. ஆனால் காணி வரி, தலைவரி, அதிகாரி வரி என்று தண்டவேண்டிய பணம் நிறைய இருந்தது. வரி போதாதென்று ஊழியமும் வாங்கவேண்டியிருந்தது. இதற்கு ஆளுக்கு ஒரு தோம்பு, அதாவது பதிவேடு, நிலத்துக்கு ஒரு தோம்பு வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் சனங்களைக் கிழமைக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான் ஏற்கெனவே கையில் இருந்தது: தேவாலயமும் அதோடு ஒட்டிய பள்ளிக்கூடமும். ஆகவே கும்பனி அந்த இரண்டையும் கச்சேரி ஆக்கியது. பள்ளிக்கூட உபாத்தியாரின் தோம்பில் ஞானஸ்நானம் பதிந்தால்தான் பிள்ளைக்கு உரித்து. விவாகம் பதிந்தால்தான் அது விவாகம். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தாய் தகப்பனுக்குக் குற்றப்பணம். ‘மதம் பரப்ப வந்தார்கள்’ என்ற வழக்கமான விளக்கம் பாதி உண்மைதான். செலவில்லாமல் ஆள்வதற்கு மதம் கைகொடுத்தது என்பது மற்றப் பாதி. அந்தப் பாதியே அதிக காலம் நிலைத்தது.

இதற்கு மேல் கும்பனி எடுத்துவைத்த அடிதான் கரையூர்களின் கதையைத் திருப்பியது. யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமைப்படி ஒருவர் தன் காணியை நினைத்தவுடன் அந்நியருக்கு விற்றுவிட முடியாது. கூட்டு உரித்தாளருக்கும் சுற்றத்துக்கும், பக்கத்துக் காணிக்காரருள் அந்த நிலத்தை ஒற்றியாக வைத்திருப்பவருக்கும் முதலில் சொல்லவேண்டும். அவர்கள் வாங்கமாட்டோம் என்றால்தான் வெளியாள். பழைய வழக்கில் இதற்குத் தவணை உண்டு. ஊரிலேயே இருப்பவருக்கு ஒரு மாதம். தூரம் கூடக்கூடத் தவணையும் கூடும். நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு ஒரு முழு வருடம். கும்பனி இந்தத் தவணைகளை எல்லாம் ஒரே வெட்டாக வெட்டியது. யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த புளொம் போட்ட கட்டளை அது: காணி விற்க எண்ணுபவர் தாம் சேர்ந்த தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு அதை அறிவிக்கவேண்டும், முன்னுரிமை உள்ளவர் அதற்குள் முன்வரவேண்டும். வராவிட்டால் உரிமை போயிற்று.

இந்த விதி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிப்பது கடினமில்லை. ஒல்லாந்து நாட்டில் மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவிப்பது பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே சட்டம். வடகடற் கரையில் ஸ்கெவனிங்கன், கட்வைக் போன்ற மீனவர் சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு அங்கே தொழில் நிற்கும் நாள். படகு மணலில் இழுத்து விடப்பட்டிருக்கும். ஊர் முழுக்கத் தேவாலயத்துக்குள் இருக்கும். மூன்று ஞாயிறு வாசித்த ஒன்றை அந்த ஊரில் ஒருவர் கேட்காமல் விட்டார் என்றால் நம்புவது சிரமம். அந்த ஊருக்கு அது நியாயமான விதி.

அதே விதி கடனீரேரிக் கரையில் வேறு மாதிரி வேலை செய்திருக்கும். வயல்காரர் பெரும்பாலும் தன் வயலைச் சுற்றித்தான் இருப்பார். துறையூர்க்காரர் அப்படியல்ல. காற்றும் நீரோட்டமும் மாறும்போது தொழிலிடம் மாறும். அக்கரைக்குப் போனவர் பருவம் முடியும்வரை அங்கே வாடி போட்டுத் தங்குவார். தோணிக்காரர் சோழமண்டலக் கரைக்குப் போனால் காற்றுத் திரும்பும்வரை திரும்பமுடியாது. ஒரு வருடத் தவணை என்ற பழைய வழக்கு இவர்களை மனதில் வைத்தே உண்டானது போல இருக்கிறது. காற்று ஒரு சுற்றுச் சுற்றி ஆளைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுமே! மூன்று ஞாயிறு என்பது இருபத்தொரு நாளும் இல்லை. முதல் ஞாயிறிலிருந்து மூன்றாம் ஞாயிறு வரை எண்ணினால் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் தரையில், தன் கோயிற்பற்றுக்குள், தேவாலய முற்றத்துக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தவருக்கே முன்னுரிமை. சட்டம் உரிமையை மறுக்கவில்லை; அதைக் கேட்டுப் பெறக்கூடிய இடத்தைக் குறுக்கியது. உறவு முறையாலும் கடற்பாதையாலும் அடையாளம் கண்டுகொண்டிருந்த ஓர் ஊர், ஒரு கட்டடத்தின் எல்லைக்குள் அடையாளம் காணப்படும் ஊராக மாறியது இப்படித்தான்.

மறுப்புகள்

இதற்கு மறுப்புகள் உண்டு, லேசானவையும் அல்ல. முதலாவது: பங்குகளை வகுத்தவர் போர்த்துக்கேயர் என்று நீரே சொல்லிவிட்டீர், பிறகு ஒல்லாந்தருக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்கலாம். போர்த்துக்கேயர் நேரடியாக ஆண்டது 1619 முதல் 39 ஆண்டுகள். அவர்களும் தோம்பு எழுதினார்கள், வரி தண்டினார்கள். ஆனால் அவர்கள் காலத்துப் பங்கு, ஆட்களைச் சேர்த்த வட்டம். அதே வட்டத்துக்குள் காணி விற்பனையின் செல்லுபடியையும் கொண்டுவந்து கட்டியது கும்பனி. ஆள் மதம் மாறலாம், ஊர் மாறலாம், செத்தும் போகலாம். காணி போகாது. பெயர் காணியோடு ஒட்டியதால்தான் தங்கிற்று. வெறும் ஞானஸ்நானத்தோடு ஒட்டியிருந்தால் 1795 க்குப் பிறகு பத்து வருடத்தில் மறைந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு சனங்களின் நம்பிக்கையைப் பற்றியது. அந்தக் காலத்துக் கிறிஸ்தவம் வெறும் பேருக்குத்தானே? காணி உரித்துக்காக ஞாயிறு கோயிலுக்குப் போனவர்கள் வீட்டில் திருநீறு பூசினார்கள். கத்தோலிக்கர் இரவில் ஒளித்துச் செபம் சொன்னார்கள். 1687 இல் ஜோசப் வாஸ் அடிகள் ஏழைக் கோலத்தில் வந்து அவர்களைத் தேடித் திரிந்தார். 1734 இல், கும்பனி ஆட்சி நடக்கும்போதே, கும்பனிக் கச்சேரியில் வேலை பார்த்த இரகுநாத மாப்பாண முதலியார் நல்லூரில் கந்தசுவாமி கோயிலைத் திரும்ப எழுப்பினார். ஆங்கிலேயர் வந்து கட்டாயத்தை நீக்கியதும் தேவாலயங்கள் வெறிச்சோடின. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கிடைத்தவை பாழடைந்த கட்டடங்கள். அப்படியிருக்க இந்த ஆட்சி என்ன ஆழமான மாற்றத்தைச் செய்துவிட்டது? இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதற்குப் பதிலாகத் தாங்கிப் பிடிக்கிறது. நம்பிக்கை ஒட்டவில்லை என்பது சரி. கூரை இடிந்தது என்பதும் சரி. அப்படி இருந்தும் எல்லை நின்றது என்றால், நிறுத்தியது விசுவாசம் அல்ல, பத்திரம்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் பாதி ஏற்கிறேன். ஒரு வருடத் தவணை எல்லோருக்கும் நல்லதாக இருந்ததா? வரியைப் பணமாகக் கட்டவேண்டியவர், மகளுக்குச் சீதனம் ஒப்பேற்றவேண்டியவர், எங்கேயோ இருக்கும் ஒரு பங்காளிக்காக ஒரு வருடம் காத்திருக்க முடியுமா? பகிரங்கமாக மூன்று முறை வாசிப்பது, திண்ணையில் இரண்டு பேர் முன்னிலையில் கள்ளமாக எழுதிக்கொள்வதை விட மேல் இல்லையா? மேல்தான். விற்பவருக்கு அது வசதி. ஊரில் குந்தியிருந்து வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய வசதி. கையில் பணமும், உபாத்தியாரிடம் செல்வாக்கும், ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் இருக்கும் ஒழுங்கும் உள்ளவர் யார் என்று கேட்டால் விடை முதலியாரும் கணக்கப்பிள்ளையும் விதானையும்தான். விதி பொதுவானது; பலன் பொதுவாகப் போயிருக்க வழியில்லை. ஒல்லாந்தர் உள்ளூர் வழக்கைக் காப்பாற்றினார்கள் என்று நம் பாடநூல்கள் ஓயாமல் புகழ்வதை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். காப்பாற்றினார்கள், உண்மை. எதைக் காப்பாற்றுவது, எதைச் சுருக்குவது என்று தெரிந்தெடுத்தவர்களும் அவர்களே.

1707

அந்தத் தெரிவு ஏட்டில் ஏறிய தருணம் வந்தது. ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சீமன்ஸ், யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தரும்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸிடம் கேட்டார். ஐசாக்ஸ் முப்பத்தேழு வருடங்கள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பழகியவர். கேட்ட கதையை எழுதவில்லை, கண்டதை எழுதினார். 1707 ஜனவரியில் தொகுப்பு முடிந்தது. ஒல்லாந்த மொழியில் எழுதியதைத் தமிழாக்கி, பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்துச் சரி பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் வாசித்து, எங்கள் நாட்டு வழக்கு இதுதான் என்று ஒப்பம் வைத்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி எல்லாம் அதில் உண்டு. பழைய ஒரு வருடத் தவணையும் அதில் உண்டு. ‘முன்பு இப்படி இருந்தது’ என்று. அதன் கீழேயே மூன்று ஞாயிறும் உண்டு. ‘இப்போது இப்படி’ என்று. நமக்கு அந்தப் பழைய தவணை தெரியவருவதே அதை நீக்கியவர்களின் எழுத்தால்தான். வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கும். ஆனாலும் மனம் கொஞ்சம் கசக்கிறது.

எழுதப்படாத வழக்கு வளைந்து கொடுக்கும். கடலில் போனவருக்காக இன்னும் ஒரு மாதம் பொறுப்போம் என்று ஊர் பேசித் தீர்க்கும். எழுதி ஒப்பம் வைத்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். ஆங்கிலேயர் 1806 இன் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்கு முழு வலுக்கொடுத்தபோது, அவர்கள் கையிலெடுத்தது 1707 இன் ஏட்டை; கச்சாயின் பழைய வாய்வழக்கை அல்ல. ஞாயிறு அறிவித்தல் காலத்தோடு போயிற்று. முன்னுரிமை பற்றிய விதிகள் 1947 இன் 59ஆம் இலக்கச் சட்டத்தில் வேறு வடிவம் எடுத்தன. கோயிற்பற்றின் பெயர் மட்டும் உறுதியிலிருந்து உறுதிக்குப் பிரதியாகிக்கொண்டே வந்தது. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி இடம்பெயர்ந்து, பிறகு திரும்பிவந்தவர்கள் இடிந்த வேலிகளுக்கு நடுவே தங்கள் காணியை நிறுவவேண்டி வந்தபோது, கையிலிருந்த தாளில் அந்தப் பெயரும் இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் காணி உள்ளவர்களின் கதை என்பது கவனமாக வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கும். 1707 இன் ஏட்டில் இன்னொரு பகுதியும் இருக்கிறது, நீளமானது. அது அடிமைகளைப் பற்றியது. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன், 1697 இல், கொமாண்டர் சுவார்டெகுரூன் பதவி விட்டுப் போகும்போது எழுதிவைத்த குறிப்பில் ஒரு கணக்கு வருகிறது. 1694 தொடக்கம் 1696 நவம்பர் வரை, சோழமண்டலக் கரையில் பஞ்சம் பிடித்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் அடிமைகளாக இறக்கப்பட்டவர்கள் 3,500 க்கு மேல்; அவர்களுக்காகக் கும்பனி வாங்கிய தீர்வை 9,856 கில்டர். தலைக்கு இத்தனை பணம் என்று அறவிட்டு எழுதிய சுத்தமான கணக்கு.

விற்க ஒரு பரப்பும் இல்லாதவர்கள், தாங்களே விற்பனைப் பொருளாக இருந்தவர்கள், எந்தத் தோம்பில் எழுதப்பட்டார்கள்? பன்னிரண்டு முதலியார்கள் அந்தப் பகுதியை வாசித்து ஒப்பம் வைத்தபோது, கேட்கப்படாமல் போன குரல்கள் எவை? தென்மராட்சி வயல்களில் இறங்கியவர்கள் எத்தனை பேர்? அடுத்த வாரம் அந்த ஏட்டைத் திறப்போம்.